டிரைவர் வருமா, வராதா? எஸ்.பி. ரோடு மேஜையிலிருந்து சில பதில்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் மேஜை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "புதுசு போட்டேன், பழைய மெஷின் செத்துப்போச்சு. டிரைவர் எப்போ வரும்?" டிரைவர் என்பது பிரிண்டர், வைஃபை மாதிரியான கருவிகளோடு கம்ப்யூட்டர் பேச உதவும் சாஃப்ட்வேர். நம்மவர்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஸ்ரீராமபுரம் ஜெராக்ஸ் கடைக்காரர்: அண்ணா, பன்னிரண்டு வருஷமா ஓடுன லேசர் பிரிண்டர். விண்டோஸ் 11 போட்டதும் படுத்துடுச்சு. கம்பெனி சைட்டுல விண்டோஸ் 7 வரைக்கும்தான் டிரைவர் இருக்கு. ஆனா பக்கத்துக் கடையில அரதப்பழசு டாட் மேட்ரிக்ஸ் ஜம்முனு ஓடுது. இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது தம்பி. டாட் மேட்ரிக்ஸுக்கு எழுத்தை அனுப்பினால் போதும், அதுவே அடித்துக்கொள்ளும். விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒரு டிரைவர் காலங்காலமாக உள்ளேயே கிடக்கிறது. அதை வைத்தே பில் அடித்துவிடலாம். உங்கள் லேசர் அப்படியில்லை. விலையைக் குறைப்பதற்காக அதன் மூளையைப் பிடுங்கி உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டார்கள். பக்கம் முழுவதையும் கம்ப்யூட்டரே வரைந்து, அந்தக் கம்பெனிக்கு மட்டும் புரிகிற பாஷையில் அனுப்ப வேண்டும். இந்த வகையில் சில பிரிண்டர்களுக்கு ஃபர்ம்வேர் என்ற, பிரிண்டரையே இயக்கும் சாஃப்ட்வேர்கூட உள்ளே தங்காது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் ஊட்டிவிட வேண்டும். டிரைவர் போனால் பாதி மெஷின் போனமாதிரி.

விற்று முடித்த மாடலுக்குப் புது டிரைவர் எழுத எந்தக் கம்பெனியும் ஆள் வைக்காது. அதனால் காத்திருக்காதீர்கள். முதலில் அந்த விண்டோஸ் 7 டிரைவர் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, ஆகவே 32 பிட் டிரைவர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தக் கதை முடிந்தது. 64 பிட் இருந்தால் நம்பிக்கை உண்டு. இன்ஸ்டாலரை ரைட் கிளிக் செய்து, கம்பேட்டிபிலிட்டியில் விண்டோஸ் 7 என்று வைத்து ஓட்டுங்கள். அது முரண்டு பிடித்தால் இன்ஸ்டாலரை ஜிப் ஃபைல் மாதிரிப் பிரித்து, பிரிண்டர் சேர்க்கும் திரையில் 'ஹேவ் டிஸ்க்' வழியாக ஐஎன்எஃப் ஃபைலை (டிரைவரை எப்படிப் போடுவது என்று விண்டோஸுக்குச் சொல்வது) கையால் காட்டுங்கள். பல பிரிண்டர்கள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

அதுவும் நடக்கவில்லையா? கடை மூலையில் தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குமே, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். இந்த மூளையில்லாத பிரிண்டர்களின் பாஷையைத் தன்னார்வலர்கள் உடைத்துப் பார்த்து எழுதிய டிரைவர்கள் அங்கே நிறைய உண்டு. பிரிண்டரை அதில் மாட்டி, கப்ஸ் என்ற அதன் பிரிண்டிங் சாஃப்ட்வேர் வழியாக நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டால் விண்டோஸ் 11-க்கு அது சாதாரண நெட்வொர்க் பிரிண்டராகத் தெரியும். மாகடி ரோட்டில் ஒரு கடையில் இப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். பெட்டிக்கு மானிட்டர்கூட இல்லை, மேலே ஏ4 பேப்பர் கட்டு அடுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த பிரிண்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் மோப்ரியா முத்திரை இருக்கிறதா பாருங்கள். கம்பெனிகளின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டது. அந்த முத்திரை உள்ளதற்குப் பொது டிரைவரே போதும்.

எலக்ட்ரானிக் சிட்டி இளைஞர்: புது லேப்டாப்ல உபுண்டு 24.04 போட்டேன். வைஃபை ஐகானே வரலை. திருப்பிக் கொடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள், இங்கே காத்திருக்கலாம். உபுண்டுவும் ஒரு லினக்ஸ்தான். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே வருகின்றன. உபுண்டு 24.04 வெளியானபோது அதிலிருந்தது 6.8 கெர்னல். உங்கள் வைஃபை சிப் அதற்குப் பிறகு பிறந்ததாக இருந்தால், பெட்டியில் மருந்து இல்லை, அவ்வளவுதான். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் உடனே இன்டர்நெட் வரும். அப்டேட் செய்து, ஹெச்டபிள்யூஇ எனப்படும் புதிய கெர்னலைப் போட்டுப் பாருங்கள்.

சிப்பின் வெண்டர் எண்ணையும் டிவைஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 8086 என்று ஆரம்பித்தால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். லேப்டாப் பெயரை வைத்துத் தேடினால் ஊர் சுற்றிக் காட்டும், இந்த எண்ணை வைத்துத் தேடினால் நேராக வாசலுக்குப் போகலாம். அந்த எண் ஏதாவது புதிய கெர்னலில் சேர்ந்திருந்தால் உங்களுக்கும் வந்து சேரும். எங்கேயுமே பேச்சு இல்லை என்றால் லேப்டாப்பைத் திருப்ப வேண்டாம், ஆதரவுள்ள வைஃபை கார்டு வாங்கி மாற்றுங்கள். ஆனால் கார்டு போர்டோடு பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ராஜாஜிநகர் அன்பர்: விண்டோஸ் 11 இன்ஸ்டால் பண்ணும்போது எஸ்எஸ்டியே தெரியலை. டிஸ்க் போச்சா?

போகவில்லை. 11-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் ஒளிந்திருக்கும். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் வெளியே வந்துவிடும்.

பீண்யா பட்டறை முதலாளி: சார், கம்ப்யூட்டர் சொல்றபடி உலோகம் வெட்டுற பழைய சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராம் அனுப்புற யூஎஸ்பி டு சீரியல் கேபிள். புது கம்ப்யூட்டர்ல மாட்டினா மஞ்சள் முக்கோணம். பழசுல நல்லாத்தான் இருக்கு.

டிவைஸ் மேனேஜரில் அந்த முக்கோணத்துக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? 'இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், நோய் தெரிந்துவிட்டது. இங்கே டிரைவர் வராமலில்லை. வந்திருக்கிறது, வந்து வேண்டுமென்றே கதவைச் சாத்துகிறது. ப்ரொலிஃபிக் என்ற கம்பெனியின் இந்தச் சிப்புக்கு ஊரெல்லாம் போலி. போலிகளை ஒதுக்கப் புது டிரைவரில் பூட்டுப் போட்டார்கள், பழைய அசல் சிப்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. 2014-இல் எஃப்டிடிஐ என்ற இன்னொரு நிறுவனத்தின் டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போய், போலிச் சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கியது. கேபிளை எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பேச்சுமூச்சு இருக்காது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த டிரைவரை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுத்தார்கள்.

பழைய டிரைவர் பதிப்பைப் போட்டால் உங்கள் கேபிள் ஓடும். ஆனால் விண்டோஸ் அப்டேட் ஒருநாள் ராத்திரி அதை மாற்றி வைக்கும், காலையில் ஷிஃப்ட் நிற்கும். நல்ல கேபிள் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒருநாள் உற்பத்தியைவிடவா அது விலை?

சிஎன்சிக்கு இன்னொன்று. கன்ட்ரோல் கார்டு பழைய கம்ப்யூட்டருக்குள் பிசிஐ ஸ்லாட்டில் இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரை மாற்றவே மாற்றாதீர்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்து பீரோவில் வையுங்கள். முடிந்தால் அதே மாதிரி மதர்போர்டு ஒன்றும் வாங்கி வையுங்கள். எஸ்.பி. ரோட்டில் இன்னும் கிடைக்கிறது, விலை பேச கொஞ்சம் கன்னடமும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

மர்ஃபி டவுன் போட்டோ ஸ்டுடியோ அக்கா: மேக்ல என் நெகட்டிவ் ஸ்கேனர் சாஃப்ட்வேரே திறக்க மாட்டேங்குது.

2019-இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் சாஃப்ட்வேர்களுக்கு ஆப்பிள் கதவடைத்துவிட்டது அக்கா. ஸ்கேனரில் கோளாறு இல்லை. வியூஸ்கேன் என்று காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. பழைய ஸ்கேனர்களுக்கான டிரைவர்களை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சோதனைப் பதிப்பைப் போடுங்கள்.

கல்லூரி மாணவி: அண்ணா, ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்கினேன். எல்லா ஆப்பும் ஓடுது, கைரேகைக் கருவி மட்டும் ஓடலை. ஏன்?

ஸ்னாப்டிராகன் இன்டெல் வகையல்ல, ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப். இன்டெல்லுக்கு எழுதிய ஆப்பை விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். கெர்னலில் உட்காரும் டிரைவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஏஆர்எம்64-க்கு என்றே எழுதியிருக்க வேண்டும். கருவி இன்னும் விற்பனையில் இருந்தால் கம்பெனிக்கு மெயில் போடு தங்கை, கேட்கிறவர்கள் பெருகினால்தான் எழுதுவார்கள். பதிலில் தேதி இல்லையென்றால், லேப்டாப்பைத் திருப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுத்துவிடு.

கே.ஆர். புரம் அன்பர்: 'டிரைவர் அப்டேட்டர்' சாஃப்ட்வேர் போடலாமா?

வேண்டாம். இல்லாத டிரைவரை அது எங்கிருந்து கொண்டுவரும்? பாதி நேரம் நன்றாக இருந்ததையும் கெடுத்துவைக்கும்.

அல்சூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: என் கணினிக்கு விண்டோஸ் 11 டிரைவர் வரவில்லை, வந்ததும் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வருமா?

ஐயா, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது 7-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக அனுமதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். இது டிரைவர் விஷயமே இல்லை. அவர் சொல்வதை நம்பி இன்னும் ஆறு மாதம் உட்கார வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் கேட்காது. அதற்கப்புறம் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். மெயில், தமிழ் தட்டச்சு, பேத்தியோடு வீடியோ கால் எல்லாம் நடக்கும். உங்கள் வெப்கேமும் ஸ்கேனரும் அதில் ஓடுகின்றனவா என்று முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிடலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறாதீர்கள் ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் வருவேன், பென்டிரைவோடு வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்.