நம் தரவு பணமாகும் வழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமூக ஊடக நிறுவனங்கள் நம் தரவை விற்றுத்தான் சம்பாதிக்கின்றன என்று பலரும் சொல்கிறார்கள். நிறுவனங்களோ அதை அடியோடு மறுக்கின்றன. யார் சொல்வதை நம்புவது?

பதில்: பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்த மறுப்பு பெரும்பாலும் உண்மையே. உங்களைப் பற்றிய பட்டியலை ஒருவரிடம் விற்றுவிட்டால் அதன் மதிப்பு அன்றோடு முடிந்துவிடும். அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதன் துணையோடு உங்கள் கண்முன் விளம்பரம் வைக்கும் வாய்ப்பை நாள்தோறும் விற்பதே அவர்களுக்கு லாபம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா 2023இல் ஈட்டிய ஏறத்தாழ 13,500 கோடி டாலர் வருவாயில் சுமார் 13,200 கோடி விளம்பரத்தால் மட்டுமே வந்தது.

அந்த வாய்ப்பு விலைபோகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நீங்கள் திரையை மேலே தள்ளும்போது அடுத்த விளம்பர இடத்துக்கு ஓர் ஏலம் நடந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு விளம்பரதாரர் ஒரு கிளிக்குக்கு 2 டாலர் தரத் தயார். ஆனால் நீங்கள் அதைத் தொடும் வாய்ப்பு நூற்றில் 1 என்று கணினி கணிக்கிறது. இன்னொருவர் 1 டாலர்தான் தருவார். அவருடைய விளம்பரத்தைத் தொடும் வாய்ப்போ நூற்றில் 3. பெருக்கிப் பார்த்தால் முதலாமவரிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியது 2 சென்ட், இரண்டாமவரிடமிருந்து 3 சென்ட். விளம்பரத்தின் தரம் போன்றவையும் கணக்கில் சேரும் என்றாலும், குறைந்த விலை கேட்டவர் வெல்வது இப்படித்தான். அந்த 1, 3 என்ற கணிப்புகளைத் துல்லியமாக்குவதற்காகத்தான் நீங்கள் எந்தப் படத்தில் நின்றீர்கள், எதைத் தாண்டிப் போனீர்கள், வேறு எந்தத் தளத்தில் எந்தப் பொருளைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தீர்கள் என்பதெல்லாம் சேகரிக்கப்படுகின்றன. கடைசியில் சொன்னதை, அந்தத் தளங்களின் பக்கங்களில் பொதிந்திருக்கும் 'பிக்சல்' என்ற சிறு நிரல் தெரிவித்துவிடுகிறது.

ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்தது வேறொன்றுக்குத் திருப்பிவிடப்படுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. கணக்கின் பாதுகாப்புக்கென்று பயனர்கள் தந்த தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விளம்பரங்களைக் குறிவைக்கப் பயன்படுத்தியதாக எழுந்த குற்றச்சாட்டில், ட்விட்டர் 2022இல் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

கேள்வி: 'ஒரு பயனரின் மதிப்பு' என்ற தலைப்பில் ஒரு பட்டை வரைபடம் பார்த்தேன். அமெரிக்கா, கனடாவுக்கு 68 டாலர். ஆசியா-பசிபிக் பகுதிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆசியர்களின் தரவு அவ்வளவு மலிவானதா?

பதில்: எண்கள் சரி, தலைப்புதான் தவறு. ஃபேஸ்புக்கின் வருவாயைப் பயனர் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்த சராசரி அது; 2023இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்கா, கனடாவுக்கு 68 டாலருக்குச் சற்று மேலாகவும் ஆசியா-பசிபிக் பகுதிக்கு 6 டாலருக்குக் குறைவாகவும் இருந்தது. ஒரு பகுதியில் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கப்படுகிறது, அங்குள்ளவர்களின் வாங்கும் சக்தி என்ன என்பவற்றையே இந்த வேறுபாடு முதன்மையாகக் காட்டுகிறது. தரவு சேகரிக்கும் முறையோ இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இத்தகைய வரைபடத்தைப் பார்க்கும்போது, வகுக்கும் எண் எது, கால அளவு எது என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். 68 என்பது மூன்று மாதக் கணக்கு. அதுவும் விளம்பரச் செலவு உச்சத்தில் இருக்கும் ஆண்டு இறுதி மாதங்களின் கணக்கு. அதை ஆண்டுக்கணக்கென்று கொள்வதும் பிழை, நான்கால் பெருக்குவதும் பிழை. செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை வரைபடத்தில் நீளம்தான் அளவைச் சொல்கிறது என்பதால், அடியை வெட்டிவிட்டால் சிறு வேறுபாடும் மலைபோலத் தெரியும்.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டு, கோடிக்கணக்கானோரின் தரவை ஒரே படமாகத் தொகுத்து வெளியிட்டால் ஆபத்து இல்லை அல்லவா?

பதில்: கூட்டம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இல்லை; ஆளரவமற்ற இடத்தில் உண்டு. உடற்பயிற்சி செய்பவர்களுக்கான சமூக வலையமைப்பான ஸ்ட்ராவா, பயனர்கள் ஓடிய, மிதிவண்டி ஓட்டிய பாதைகளை ஒளிக்கோடுகளாக்கி 2017 நவம்பரில் ஓர் உலக 'வெப்ப வரைபடத்தை', அதாவது நடமாட்டம் மிகுந்த இடம் கூடுதலாக ஒளிரும் படத்தை, வெளியிட்டது. அதில் எவர் பெயரும் இல்லை. பெருநகரங்களில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் ஒளிப்பரப்பாகவே தெரிந்தன. ஆனால் ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களின் இருண்ட பரப்பில் ஆங்காங்கே தனித்து ஒளிர்ந்த சிறு வட்டங்களும் நேர்கோடுகளும் ராணுவ முகாம்களில் வீரர்கள் ஓடிப் பயிற்சி செய்யும் பாதைகளையும் ரோந்துப் பாதைகளையும் காட்டிக்கொடுத்தன. 2018 ஜனவரியில் இதைக் கண்டு சொன்னவர் ஓர் ஆஸ்திரேலிய மாணவர். ஒரு பாதையைக் குறைந்தபட்சம் இத்தனை பேராவது பயன்படுத்தியிருந்தால்தான் படத்தில் காட்டுவது என்ற வரம்பை வரைபடம் செய்பவர்கள் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அழகுக்காக அந்த வரம்பைத் தளர்த்துவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: அனுமதி மறுப்பதால் தனி மனிதர் ஒருவருக்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு. பிற தளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி அனுப்பிய தகவல்களைப் பார்க்கவும் கணக்கிலிருந்து துண்டிக்கவும் ஃபேஸ்புக்கின் அமைப்புகளில் 2020 முதல் வசதி இருக்கிறது. துண்டித்தாலும் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. அவை உங்களைக் குறிபார்ப்பதுதான் குறையும். ஆப்பிள் 2021 ஏப்ரலில், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்று விதித்தபோது, திரளானோர் மறுத்தனர். அந்த மாற்றத்தால் 2022இல் தமக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டாவே தன் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது.