வெடி முதலில், சத்தம் அப்புறம்

வணக்கம் அண்ணா,

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் பிஞ்சனின் ‘கிராவிட்டிஸ் ரெயின்போ’ நாவலை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் அறுபது பக்கத்துக்குள் மூடிவிட்டேன். யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. ஆள் பேட்டியும் தருவதில்லை, முகமும் காட்டுவதில்லை என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

எஸ்., பண்ணைக்காடு

அன்புள்ள எஸ்.,

வெட்கப்பட ஒன்றுமில்லை. 1974இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் இந்த நாவலைத்தான் பரிந்துரைத்தார்கள், மேலே இருந்த வாரியம் இதைப் படிக்கவே முடியாது என்று தள்ளிவிட்டது. அந்த வருடம் நாவலுக்குப் பரிசே கிடையாது.

முதலில் 1966இல் வந்த ‘தி க்ரையிங் ஆஃப் லாட் 49’ படியுங்கள், இருநூறு பக்கம்கூட வராது. முன்னாள் காதலனின் சொத்தைப் பைசல் செய்யும் வேலை ஒருத்தி தலையில் விழுகிறது, போகிற இடமெல்லாம் வாய் அடைத்த ஒரு தபால் ஊதுகொம்பின் படம் கண்ணில் படுகிறது, அரசுக்குத் தெரியாமல் ஒரு தபால் சேவை ஓடுகிறதா இல்லை தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் கடைசிவரை சொல்ல மாட்டார். (பிஞ்சனுக்கே இந்தப் புத்தகத்தின் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. எனக்கு உண்டு.)

சரி, இனி நீங்கள் கேட்ட பெரிய நாவல். நம் மலையில் மேகம் இறங்கிவிட்டால் வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்கும், பஸ் அப்புறம்தான் வரும். நாவலில் வரும் ஜெர்மன் வி-2 ராக்கெட், 1944இல் லண்டன்மேல் விழத் தொடங்கியது, இதற்குத் தலைகீழ். ஒலியைவிட வேகம் என்பதால் முதலில் வெடிக்கும், அது வந்த சத்தம் பிறகு கேட்கும். கேட்டால் நீங்கள் பிழைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நாவலும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. காட்சி வந்து விழும், யார் எவர் என்பது பல பக்கம் தள்ளித் தெரியும். அதனால் புரியாத இடத்தில் நின்று பெயர்ப்பட்டியல் போடாதீர்கள். நான் போட்டேன், ஒரு நோட்டுதான் பாழ்.

தொடக்கத்திலேயே ஒரு ராணுவ அதிகாரி லண்டன் மொட்டைமாடியில் வாழை வளர்த்து, கூட இருப்பவர்களுக்குக் காலைச் சாப்பாடு முழுக்க வாழைப்பழத்திலேயே விதவிதமாகச் செய்து போடுகிறான். வெளியே ராக்கெட் கிளம்பிவிட்டது. விருப்பாட்சிப் பழ வாசனையில் வளர்ந்தவர் நீங்கள், அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

முகத்தைத் தேடாதீர்கள். இதே நாவலுக்குத் தேசியப் புத்தக விருது கிடைத்தபோது, அவருக்குப் பதில் மேடையேறி உளறிக்கொட்டியது ஒரு நகைச்சுவை நடிகர். 2004இல் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் தலையில் காகிதப் பை மாட்டிய தன் உருவத்துக்குத் தானே குரல் கொடுத்தார். மனுஷனுக்கு விளையாட்டுப் புத்தி, அவ்வளவுதான்.

என்னிடம் ‘லாட் 49’ இன்னொரு பிரதி கிடக்கிறது, ஓரம் மழையில் ஊறியது. ஞாயிற்றுச் சந்தைக்குக் கொடைக்கானல் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது ஒரு சீப்பு மலைவாழை.