மேக்கப் பிடிக்கவில்லை என்றால் போடாமல் விடலாமே, கொரியப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

போடாமல் சும்மா விட முடிந்திருந்தால் 'கோர்செட்டைக் கழற்று' என்ற இயக்கமே வந்திருக்காது. கோர்செட் என்றால் அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிய உள்ளாடை. மேக்கப், நீள முடி என்று பெண்கள்மேல் திணிக்கிற அழகு விதிகளைத்தான் கொரியப் பெண்கள் அப்படிச் சொன்னார்கள்.

நான் கொஞ்ச காலம் தென் கொரியாவின் சூவோன் நகரில் வேலை பார்த்தேன். டீமில் ஒரு பெண் மேக்கப் இல்லாமல் வந்துவிட்டால் மதியத்துக்குள் நாலு பேராவது "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். அக்கறையாகக் கேட்பார்கள், அதனால் சண்டையும் போட முடியாது. 2018 ஏப்ரலில் எம்பிசி தொலைக்காட்சியின் காலைச் செய்தியில் இம் ஹியோன்ஜு என்ற வாசிப்பாளர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்ததே பெரிய செய்தியானது என்றால் பாருங்கள், பக்கத்தில் ஆண்கள் காலம்காலமாகக் கண்ணாடியோடுதான் வாசிக்கிறார்கள்.

ஆனால் இந்த எரிச்சல் மட்டும் இருந்திருந்தால் ஆளாளுக்கு முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பெரிய கோபம் வேறு பக்கமிருந்து வந்தது. 2016 மே மாதம் தலைநகர் சோலில் காங்நாம் மெட்ரோ ஸ்டேஷன் அருகே ஆண், பெண் இருவருக்கும் பொதுவான ஒரு கழிப்பறையில் ஒளிந்திருந்தவன், வந்த ஆண்களையெல்லாம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் குத்திக் கொன்றான். பெண்கள் தன்னை மதிப்பதில்லை என்று காரணமும் சொன்னான். போலீஸோ மனநோய் என்று முடித்தது. ஸ்டேஷனின் 10-ஆம் வாசல் முழுக்கப் பெண்கள் துண்டுத் தாள்களில் எழுதி ஒட்டினார்கள்.

அப்புறம் 2018. ரகசிய கேமரா வைத்துப் படம் எடுக்கிறார்கள் என்று பெண்கள் புகார் கொடுத்தால் ஆளைப் பிடிப்பது கஷ்டம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே போலீஸ், ஹோங்கிக் பல்கலைக்கழக ஓவிய வகுப்பில் ஓர் ஆண் மாடலின் நிர்வாணப் படத்தை ஒரு பெண் வெளியிட்டதும் சில நாட்களிலேயே அந்தப் பெண்ணைக் கைது செய்தது. அவ்வளவுதான், மே 19 அன்று சோலின் ஹேஹ்வா ஸ்டேஷன் பக்கம் பெண்கள் சிவப்பு உடையில் திரண்டார்கள், சிவப்பு கோபத்தின் நிறம் என்று சொல்லியே வந்தார்கள். ஆகஸ்டில் சோலின் நடுவே குவாங்ஹ்வாமுனில் கூடியது 70,000 பேர் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள்.

லிப்ஸ்டிக்கை நசுக்கி, பவுடரைக் கொட்டி, முடியை ஒட்ட வெட்டிப் படம் போட்டதெல்லாம் பெரிதாகப் பரவியதும் அதே ஆண்டுதான். கழிப்பறைச் சுவரில் ஓட்டை போட்டுப் பார்க்கிறவனுக்கும், வேலைக்கு வரும்போது 'பார்க்கிற மாதிரி' வா என்கிறவருக்கும் அடிப்படை ஒன்றுதான், இந்த உடம்பு நாங்கள் பார்ப்பதற்கு என்ற நினைப்பு. அது புரிந்தபிறகு அலமாரியில் இருக்கும் கிரீமைப் பார்த்தாலே கோபம் வரத்தானே செய்யும்?

கொரியாவில் ஹ்வாப்யோங் என்று ஒரு நோய் சொல்வார்கள். கோபத்தை வருடக்கணக்கில் விழுங்கி விழுங்கி நெஞ்சடைப்பும் உடம்பு எரிச்சலுமாக வருவது, பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994 கையேட்டில்கூட இது உண்டு. அம்மாக்கள் விழுங்கியதை மகள்கள் தெருவில் கொட்டினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லவில்லை. மேக்கப் போடுகிற பெண்களையே துரோகி போலப் பேசியவர்கள் உண்டு. 2020-இல் சூக்மியோங் மகளிர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த ஒரு திருநங்கை, எதிர்ப்பு தாங்காமல் சேராமலே விலகினார். எதிர்த்தவர்களில் பெண்ணியம் பேசிய மாணவிகளும் இருந்தார்கள். அதை எந்தக் கோபத்தைச் சொல்லியும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

பெண்ணியத்தை எதிர்க்கிறவர்களின் கோபத்தையும் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்வித்தையில் மூன்று தங்கம் வாங்கிய ஆன் சானை, முடி குட்டையாக இருக்கிறது, பெண்ணியவாதியாக இருப்பாள் என்று இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். 2023 நவம்பரில் ஜின்ஜு நகரில் இரவுக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அதே காரணம் சொல்லி ஒருவன் அடித்தான். அவனுக்கு மூன்று ஆண்டு சிறை. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெண் வெறுப்புதான் இந்தக் குற்றத்துக்குக் காரணம் என்பதை ஏற்றுக்கொண்டது. காங்நாம் கொலையில் போலீஸ் ஒப்புக்கொள்ளாத வார்த்தை அது.