95 சதவீதத்துல யாரு இல்ல?

அன்புள்ள அக்காவுக்கு,

என் பொண்ணுக்கு டாக்டராகணும்னு ஆசை. யூடி டாலஸ்ல (டெக்ஸாஸ் யூனிவர்சிட்டியோட டாலஸ் கிளை) ஃபுல் ஸ்காலர்ஷிப்போட கெடைச்சிருக்கு. கிழக்குக் கரையில (பேரை நான் எடுத்துட்டேன் - அக்கா) யூனிவர்சிட்டியிலயும் கெடைச்சிருக்கு, வருஷம் 90,000 டாலர் பக்கம் ஆகும். ஆனா அங்கேர்ந்து மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு எடம் கெடைக்குதாம், டூர் போனப்ப சொன்னாங்க. வீட்டு மேல கடன் வாங்கியாவது அனுப்பிடலாம்ங்கறார் இவர். மே 1-க்குள்ள சொல்லணும். மேஜர் பயாலஜியா நியூரோசயின்ஸான்னு வேற குழப்பம். நீங்க பாடம் எடுத்தவங்க, சொல்லுங்க.

பி., ப்ளானோ, டெக்ஸாஸ்

அன்புள்ள பி.,

மேஜர் கவலையை மொதல்ல தூக்கிப் போடுங்க. இங்க டிகிரி முடிச்சப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல், அதுக்கு தயாராகறதுக்குப் பேருதான் ப்ரீ-மெட், அது ஒரு டிகிரியே கெடையாது. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஒவ்வொண்ணும் ஒரு வருஷம் லேபோட, அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, அதுக்கு மேல எம்கேட்ங்கற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுப் பரீட்சை, இதை முடிச்சா மீதி நேரத்துல அவ சரித்திரம் படிச்சாலும் வயலின் படிச்சாலும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல.

என்னைய தூங்க விடாம பண்ணது அந்த 95 தான். போன மாசம் கராஜை ஒழிச்சப்ப என்னோட பழைய மார்க் நோட்டு கெடைச்சுது, 1998. அப்ப நான் பிஹெச்டி பண்ணிக்கிட்டே ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு டீஏ, அதாவது பாடம் எடுக்கவும் பேப்பர் திருத்தவும் உதவற ஆளு. மிட்டர்ம்ல கிளாஸ் சராசரி நூத்துக்கு நாப்பத்தி சொச்சம் வரும், அதை வெச்சு கர்வ் போட்டு, அதாவது ஒருத்தரோட ஒருத்தரை ஒப்பிட்டு கிரேடு குடுத்து, பாதி கிளாஸை கழிச்சுக்கட்டுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு சிவப்புப் பேனாவோட உக்காந்து அந்த வேலையை பண்ணதுல நானும் ஒருத்தி.

அந்த கிளாஸ்ல ஒரு பொண்ணு. சோளக்காட்டு ஊரு, அவ வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு அவதான். சாயங்காலம் ஒரு முதியோர் இல்லத்துல பெரியவங்களை குளிப்பாட்டி சோறூட்டற வேலை, அந்த யூனிஃபார்மோடயே நான் சந்தேகம் தீக்கற ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு ஓடி வருவா, ஒரு வாரம் விடமாட்டா. ரியாக்ஷன்ல எலெக்ட்ரான் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு காட்டற அம்புக்குறியை மட்டும் திரும்பத் திரும்ப தப்பா போடுவா. எலெக்ட்ரான் இருக்கற எடத்துலேர்ந்து இல்லாத எடத்துக்குத்தான் அம்பு போகணும், அவ ப்ளஸ்லேர்ந்து கெளப்புவா. நவம்பர் மாசம்தான் பிடிபட்டுது, பிடிபட்டப்புறம் ஒரு ரியாக்ஷன் படிப்படியா எப்படி நடக்குதுங்கற மெக்கானிசத்தை எனக்கே சொல்லிக்குடுத்தா, ஆனா அதுக்குள்ள ரெண்டு பரீட்சை போயாச்சு. சி ப்ளஸ். அந்த காலேஜ்ல ப்ரீ-மெட் கமிட்டின்னு ஒண்ணு உண்டு, அவங்க சிபாரிசு லெட்டர் குடுத்தாத்தான் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணவே முடியும்ங்கற மாதிரி வெச்சிருந்தாங்க. உனக்கு லெட்டர் தர்றது கஷ்டம், வேற எதாவது யோசின்னு அட்வைசர் சொல்லிட்டாராம். என்கிட்ட வந்து அழுதா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, நர்ஸிங்கும் நல்ல படிப்புதானேன்னு சொன்னேன். எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, என்ன தெரியும்.

அடுத்த வருஷம் அந்த காலேஜ் விளம்பரப் புஸ்தகம் போட்டுது, எங்க அப்ளிகண்ட்ஸ்ல 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் ஸ்கூல் கெடைச்சுதுன்னு. அந்த 90-லயும் அவ இல்ல. மீதி 10-லயும் அவ இல்ல. புரியுதா பி.? அப்ளை பண்ணாதவ கணக்குலயே வரமாட்டா. நாடு முழுக்க பாத்தா அப்ளை பண்றவங்கள்ல பாதிக்கும் கம்மியான பேருக்குத்தான் எடம் கெடைக்குது, அப்படியிருக்க ஒரு எடத்துல மட்டும் 95ன்னா, ஒண்ணு உள்ள வர்றதே பொறுக்கியெடுத்த புள்ளைங்க, இல்லன்னா நடுவுல யாரையோ வடிகட்டியிருக்காங்க. பெரும்பாலும் ரெண்டுமே. நீங்க ஐடில இருக்கறவங்க, கீழ இருக்கற எண் என்ன, மொத்தம் எத்தனை பேர்லன்னு கேக்காம ஒரு பர்சென்டேஜை நம்பி வீட்டை எழுதி வெக்கப் போறீங்களா? காய்கறிக்காரன்கிட்ட கூட இப்படி ஏமாற மாட்டீங்களே.

வடிகட்டாமயும் பண்ணலாம். நியூ ஆர்லியன்ஸ்ல ஸேவியர்னு ஒரு சின்ன யூனிவர்சிட்டி, கறுப்பினப் புள்ளைங்களுக்காக கன்னியாஸ்திரீங்க ஆரம்பிச்சது, கறுப்பின டாக்டருங்களை உருவாக்கறதுல பல வருஷமா முன்வரிசையில இருக்கு. அங்க புள்ளைங்களை ஒண்ணா உக்காத்தி வெச்சு, மேல இருக்கறவன் கீழ இருக்கறவனுக்கு சொல்லிக்குடுத்து, விழறவனை பிடிச்சு தூக்கறாங்க. அந்த மாதிரி எடம்னா கடன் வாங்குங்க, நான் தடுக்கல.

பண விஷயம் ஒரு வரி. 2026 ஜூலைலேர்ந்து மெடிக்கல் ஸ்கூலுக்கு புதுசா வாங்கற ஃபெடரல் கடன் வருஷம் 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர், அவ்வளவுதான், மீதிச் செலவுக்கு வாங்கிக்கிட்டிருந்த கிராட் ப்ளஸ்ங்கற அரசு லோனை புதுசா வாங்கறவங்களுக்கு எடுத்தாச்சு. இப்பவே வீட்டை அடகு வெச்சீங்கன்னா அப்ப எதை வெப்பீங்க? டெக்ஸாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்கள்ல நூத்துக்கு தொண்ணூறு சீட்டாவது உங்க மாநிலப் புள்ளைங்களுக்குன்னு இருக்கு, அதையும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

யூடி டாலஸ்னு நான் சொல்லிட்டேன்னு எடுத்துக்காதீங்க, அங்கயும் இதே கேள்வியைத்தான் கேக்கணும். மொத வருஷம் ப்ரீ-மெட்னு சொல்லி சேந்தவங்க எத்தனை பேரு, அதுல கடைசில அப்ளை பண்ணவங்க எத்தனை பேரு, ஆர்கானிக்ல சி வாங்கினவளுக்கு லெட்டர் குடுப்பீங்களா மாட்டீங்களா. உங்க பொண்ணையே போன் பண்ணி கேக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்காதீங்க. லெட்டர் முழுக்க உங்க குரலும் அவர் குரலும்தான் இருக்கு, அவ குரலைக் காணோம். ரெண்டு எடத்துலயும் என்ன சொன்னாங்கன்னு ஏப்ரல் முடியறதுக்குள்ள எனக்கு எழுதுங்க. அவளே எழுதினா இன்னும் சந்தோஷம், இங்கிலீஷ்லயே எழுதட்டும்.