ஸ்விஃப்டுக்கு 185/65 ஆர்14 டயர் பொருந்துமா?

வணக்கம். உங்கள் ஸ்விஃப்டில் இப்போதுள்ள 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு, உள்ளிருக்கும் ரிம்மின் விட்டம் 14 அங்குலம்) டயர்களுக்குப் பதிலாக 185/65 ஆர்14 மாட்டும்படி கடைக்காரர் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை ஏற்க வேண்டாம். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ., அவர் சொல்வதோ 596 மி.மீ. என்பதால், வண்டி சுமார் 12 மி.மீ. தாழ்ந்து வேகத்தடைகளில் அடி தட்டும் வாய்ப்பு கூடுவதோடு, ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிட அதிக வேகத்தைக் காட்டும். அகலமான டயர்தான் வேண்டுமென்றால் 185/70 ஆர்14 கேளுங்கள். அதன் விட்டம் 615 மி.மீ., வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நகருக்குள் மட்டுமே ஓட்டும் உங்களுக்குப் பழைய அளவே போதும், மைலேஜும் குறையாது.

கடைக்காரர் தரும் டயரின் பக்கச்சுவரில் 1222 என்று இருப்பதாகச் சொன்னீர்களே, அது 2022ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் தயாரானதைக் குறிக்கிறது. (தள்ளுபடிக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.) ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டே போகும், ஆகவே ஓராண்டுக்கு உட்பட்டதைக் கேட்டு, மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு டயரிலும் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் சில டயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மாட்டியபின் உட்புறமாகப் போய் மறைந்துவிடலாம். சுமைக் குறியீடு 85, அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, என்பதற்குக் குறையக் கூடாது. இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் போடச் சொல்லுங்கள். மழையில் வண்டியின் பின்பகுதி எளிதில் வழுக்காது.