வளவுப் போறணைக்கு வெக்கை காக்கிற கதவு எண்டா என்ன, ஏன் தேவை?

வெக்கை காக்கிற கதவு எண்டா ரெண்டு தகட்டுக்கு நடுவில சூடு கடக்காத ஏதாவது அடைச்ச தட்டையான பெட்டி, அவ்வளவுதான். செங்கல் போறணையில பாண் வேகிறது நெருப்பில இல்லை, விறகு எரிச்சு தணலை வழிச்சு எடுத்தாப்பிறகு கல்லு குடிச்சு வைச்சிருக்கிற சூட்டில. அந்தச் சூடு தப்பிப்போக லேசான வழி போறணை வாய்தான், அதுக்கு ஒத்தைத் தகரத்தைச் சாத்தினா இரும்பு இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட்டுடும்.

வன்னியில இருந்தவைக்கு இது சட்டெண்டு விளங்கும், மத்தியானம் தகரக் கொட்டிலுக்கை இருக்கேலாது, பக்கத்தில கிடுகு வேய்ஞ்ச கொட்டில் குளுகுளு எண்டு இருக்கும், ஏனெண்டா கிடுகுக்கு இடையில காத்து அசையாமச் சிக்கி நிக்குது, அசையாத காத்து சூட்டைக் கடத்திறது மிகக் குறைவு.

அடைக்க செராமிக் பஞ்சு, ராக் வூல் எண்டிற கல்லுப் பஞ்சு வாங்கலாம் (மூக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுங்கோ). எனக்கெண்டா நெல்லு ஆலையில கிடைக்கிற நல்லா எரிஞ்ச உமிச்சாம்பலே காணும், அது முழுக்கச் சின்னச் சின்னக் காத்துப்பைதான், ஈரமில்லாம 2 அங்குலத்துக்கு நிரப்புங்கோ, இறுக்கி அடிக்க வேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் துண்டு சும்மா கிடக்குதெண்டு அதை மட்டும் வைச்சிடாதேங்கோ, தூள் சுவாசப்பையைப் பழுதாக்கும். கைபிடிக்கு மரம். கதவு வாய் விளிம்போட ஒட்டி நிக்கோணும், இடுக்கு இருந்தா பட்ட பாடு வீண்.

கனபேர் நினைக்கிற மாதிரி மொத்தமான இரும்புக் கதவு இதுக்குச் சமனில்லை, பாரம் கூடினா அதுவும் சேந்து சூட்டைக் குடிக்கும், அதோட நெருப்பு எரியேக்கை இந்தக் கதவைப் பூட்டிறதும் இல்லை, காத்தில்லாமப் புகைஞ்சு அணைஞ்சுபோகும்.