இலவசமாகக் கொடுப்பது யாருடைய உழைப்பை?

கேள்வி: நான் ராப் பாடகன். என் முதல் ஸ்டூடியோ ஆல்பத்துக்கு ஓர் இசை நிறுவனம் ஒப்பந்தம் போட முன்வந்திருக்கிறது. அதற்கு முன்பாகப் பதினொரு பாடல்கள் கொண்ட மிக்ஸ்டேப் என்ற தொகுப்பு ஒன்றை இணையத்தில் இலவசமாக வெளியிடச் சொல்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய செலவில்லை. ஒன்பது பாடல்களுக்குத் தம்பிதான் பீட், அதாவது பின்னணி இசை, செய்து கொடுத்தான். ஆல்பத்துக்கு பீட் அமைக்கும் பெயர் பெற்ற புரொடியூசர்களை நிறுவனமே அமர்த்தித் தரும். நல்ல பாடல்களையெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டால் ஆல்பத்தை யார் சீண்டுவார்கள் என்றுதான் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயத்துக்கான பதில் சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுங்கள், நல்ல பாடல்களையே கொடுங்கள். நல்லதை ஆல்பத்துக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சம் மீதியை மிக்ஸ்டேப்பில் கொட்டினால், கேட்பவர் அந்த மிச்சத்தை வைத்தே உங்களை எடைபோட்டுவிடுவார். ஆல்பம் வரும் நாளில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கனடா ராப் பாடகர் டிரேக் 2009 பிப்ரவரியில் ‘சோ ஃபார் கான்’ மிக்ஸ்டேப்பை இலவசமாகத்தான் வெளியிட்டார். அதில் இருந்த ஒரு பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 2010 ஜூனில் வந்த அவருடைய முதல் ஸ்டூடியோ ஆல்பம் ஆல்பங்களின் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. இலவசம் அவரைக் கெடுத்துவிடவில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. ‘பெரிய செலவில்லை’ என்று எழுதி, ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அதன் பின்னால் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன கொடுத்தீர்கள், அட்டையில் அவன் பெயர் வருமா, இலவசமாக வெளியிடுவதில் அவனுக்குச் சம்மதமா என்பதைப் பற்றியெல்லாம் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே ஆல்பத்துக்கு வேறு புரொடியூசர்கள் வந்துவிடுகிறார்கள். பணம் வராத வேலைக்குத் தம்பி, பணம் வரும் வேலைக்கு வெளியாட்கள் என்ற இந்த ஏற்பாடு உங்களுக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ‘நல்ல பாடல்களையெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டால்’ என்று நீங்கள் அங்கலாய்க்கிறீர்கள். பதினொன்றில் ஒன்பது பாடல்களின் இசையை அவன் உங்களுக்கு ஏற்கெனவே அப்படித்தான் கொடுத்திருக்கிறான்.

பீட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொருத்தமான டிரம் ஒலியைத் தேடி எடுத்து, பேஸை அதோடு இழைத்து, நீங்கள் பதினாறு வரிகளை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் எல்லா ஒலியையும் ஒரு கணம் நிறுத்தி, ஹுக் என்ற பல்லவி தொடங்கும்போது தம்பி மொத்தமாக இறக்குகிறானே, அங்கேதான் கேட்பவன் தலையாட்டத் தொடங்குகிறான். உங்கள் வரி அவன் காதில் விழுவதே அதற்குப் பிறகுதான். ராப் உலகில் ஒரு பாடலின் படைப்புரிமையை வரி எழுதியவரும் பீட் அமைத்தவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது பரவலான வழக்கம். அதற்கு மேல் புரொடியூசருக்கு முன்பணம் உண்டு, பதிவின் வருவாயில் சிறு பங்கும் உண்டு. ஆல்பத்துக்கு வரப்போகிறவர்கள் இவற்றையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்போது நீங்களும் வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள்.

‘இலவசத்தில் பங்கு என்ன வேண்டிக்கிடக்கிறது’ என்று கேட்பீர்கள். இலவசமாக வந்தது இலவசமாகவே இருந்துவிடுவதில்லை. ‘சோ ஃபார் கா’னின் சில பாடல்கள் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு சிறு தொகுப்பாக விற்பனைக்கு வந்தன, முழு மிக்ஸ்டேப்பும் 2019-ல் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏறியது. சான்ஸ் த ராப்பர் 2013-ல் இலவசமாகக் கொடுத்த ‘ஆசிட் ராப்’பும் 2019-ல் அப்படியே அங்கு வந்தது, ஒரு பாடல் மட்டும் வரவில்லை; அதில் எடுத்தாண்டிருந்த சாம்பிளுக்கு, அதாவது பிறர் பாட்டின் துண்டுக்கு, அனுமதி கிடைக்கவில்லை. உங்கள் மிக்ஸ்டேப்புக்கும் அப்படி ஒரு நாள் வந்து காசு வரத் தொடங்கினால், எழுத்தில் எதுவும் இல்லாத தம்பி யாரிடம் போய் நிற்பான்?

சாம்பிள் என்றதும் இன்னொன்று. தம்பி பழைய பாட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்திருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். ராப் பாடகர் மேக் மில்லர் 2010-ல் இலவசமாக வெளியிட்ட ஒரு பாடலில் தம்முடைய இசையை அனுமதியின்றிப் பயன்படுத்தினார் என்று ராப் இசைக் கலைஞர் லார்ட் ஃபினெஸ் 2012-ல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்; விஷயம் பிறகு சமரசத்தில் முடிந்தது. காசு வாங்கவில்லை என்ற சமாதானம் வழக்கைத் தடுக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், பீட் போட்டது தம்பி என்பது அன்றைக்கு மட்டும் தவறாமல் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

‘அவனே ஒன்றும் கேட்கவில்லையே’ என்ற பதிலும் எனக்குத் தெரிந்ததுதான். அண்ணனிடம் தம்பி கணக்குக் கேட்க மாட்டான். கேட்டால் வீடே அவனைத்தான் குறை சொல்லும். உறவுக்குள் கணக்கு எழுதினால் பாசம் கெட்டுவிடும் என்று இந்தப் பகுதிக்கு எழுதுபவர்களில் அநேகமாக எல்லோரும் வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவர்கள். மூத்தவனுக்கு வீட்டில் ஒரு மரியாதை இருக்கிறதென்றால், இளையவனுக்குச் சேர வேண்டியதை அவன் வாய்விட்டுக் கேட்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். டிரேக்கின் அந்த இலவச மிக்ஸ்டேப்புக்கு இசையமைத்த நோவா ஷெபிபும் பாய்-வான்-டாவும் அடுத்து வந்த ஆல்பத்திலும் இருந்தார்கள். அவர்கள் அவருக்கு உடன்பிறந்தவர்கள் அல்லர்.

நிறுவனத்தின் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் ஒன்பது பாடல்களுக்கும் தனித்தனியாகத் தாள் எழுதுங்கள்: பாடலின் பெயர், வரி யாருடையது, இசை யாருடையது, யாருக்கு எத்தனை விழுக்காடு. இருவரும் கையெழுத்திட்டு, நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அட்டையில் அவன் பெயர் உங்கள் பெயருக்கு அடுத்து வரட்டும், நன்றி சொல்லும் பட்டியலின் கடைசியில் வேண்டாம். ஆல்பத்துக்குப் பாடல்களைத் தேர்வு செய்பவர்கள் முன் அவனுடைய பீட்டுகளையும் வைக்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் மறுக்கலாம். மறுத்தால் அதை அவர்கள் வாயாலேயே அவன் கேட்கட்டும். அண்ணன் தனக்காகக் கேட்கவே இல்லை என்பது பிற்பாடு யார் மூலமோ அவனுக்குத் தெரியவர வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகு, இந்தப் பாடல்களை இலவசமாக வெளியிட உனக்குச் சம்மதமா என்று அவனிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவன் சொன்னால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், மீதி இருக்கும் உங்கள் இரண்டு பாடல்களை வெளியிடுங்கள்.